மலைவாசகர் கேள்வி பதில்: பேட்ஜ் ஜீரோ காட்டினா போதுமா?

கேள்வி: எங்க பையன் ஐடிஐ முடிச்சிட்டு வெளி மாநிலத்துல அணு உலைக்கு எரிபொருள் செய்யற ஒரு ஆலைல கான்ட்ராக்ட்ல வேலை பாக்கறான். யுரேனியப் பொடி கையாளற இடம். மாஸ்க் ஃபில்டர் நேரத்துக்கு மாத்தித் தரதில்ல, பொடி சிந்தினா க்ளீன் பண்றதுக்குள்ளயே அடுத்த ஷிப்ட் வந்துருதுன்னு பசங்க சேந்து சூப்பர்வைசர்ட்ட சொல்லிருக்காங்க. "உங்க பேட்ஜ் எல்லாம் ஜீரோ, ஒண்ணும் ஆகாது"ன்னு அனுப்பிட்டாராம். இப்ப மேலருந்து விசாரணைக்கு ஆள் வரப்போறதா பேச்சு. இவன் வாயத் திறக்கலாமா? பூண்டு எடுக்கற சமயம், ஊருக்கு வந்துருடான்னா கேக்க மாட்டேங்கறான்.
(ஒரு அம்மா, பூம்பாறை. பேர் வேணாம்னு எழுதிருக்காங்க)

பதில்: அம்மா, உங்க பையன் பேசணும். எப்படிப் பேசணும்ங்கறதுதான் முக்கியம், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், இத அப்படியே போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பிடுங்க.

மொதல்ல அந்த பேட்ஜ். நெஞ்சுல குத்திக்கிற டி.எல்.டி பேட்ஜ், வெளியில இருந்து உடம்பு மேல படற காமா, பீட்டா கதிர அளக்கும். ஆனா யுரேனியம் முக்கியமா விடறது ஆல்ஃபா கதிர், அது ஒரு பேப்பரயே தாண்டாது, தோல தாண்டாது, அதனால பேட்ஜுக்கும் அது தெரியாது. அதே பொடி மூச்சு வழியா நுரையீரலுக்குள்ள போயி உக்காந்துருச்சுன்னா அங்க தடுக்கறதுக்கு தோலும் இல்ல பேப்பரும் இல்ல. கூடவே யுரேனியம் ஒரு கன உலோகம், கதிர்வீச்சத் தள்ளி வச்சுட்டுப் பார்த்தாலும் ரத்தத்துல கலந்தா கிட்னியப் பாதிக்கும். அதனால மாஸ்க் புகாருக்கு பேட்ஜ் ஜீரோன்னு சொல்றது பதிலே இல்ல. கேள்வி பொடியப் பத்தி, பதில் வேற ஏதோ பத்தி. சூப்பர்வைசருக்கு இது தெரியாம இருந்தா அது பயிற்சிக் குறை, தெரிஞ்சே சொல்லிருந்தா அது இன்னும் மோசம்.

பொடி உள்ள போயிருக்கான்னு பாக்க வேற வழி இருக்கு. யூரின்ல யுரேனியம் எவ்வளவுன்னு டெஸ்ட், நெஞ்சுக்கு நேரா கருவி வச்சு எண்ற லங் கவுன்டிங், வேலை நடக்கற இடத்துல காத்த இழுத்துப் பாக்கற ஏர் சாம்ப்ளர், மேஜை தரை எல்லாம் துடைச்சு அளக்கற ஸ்வைப். விசாரணைக்கு வரவங்க கேக்க வேண்டியது இந்தக் கணக்கத்தான், அதுவும் பையன் சொல்ற அந்தத் தேதிக்கு, அந்த ஷிப்ட்டுக்கு உள்ள கணக்கு, மாசக் கடைசி சராசரி இல்ல. இன்னொண்ணும் அவன் சொல்லணும்: ஏர் சாம்ப்ளர் எங்க மாட்டிருக்கு? சுவர் ஓரமா மாட்டிருந்தா சுவர் ஓரத்துக் காத்தத்தான் அளக்கும். பொடி கிளம்பற இடத்துல குனிஞ்சு நிக்கறவன் மூக்குகிட்ட என்ன இருக்குன்னு தெரியணும்னா சட்டைக் காலர்ல மாட்டற சின்ன சாம்ப்ளர் வேணும்.

இப்ப அவன் செய்ய வேண்டியது. ஒரு நோட்டு வாங்கி, அன்னன்னிக்கு ராத்திரியே, ரூம்ல உக்காந்து எழுதணும், தேதி, ஷிப்ட், என்ன வேலை, மாஸ்க் என்ன நிலைமைல இருந்துச்சு, யார்ட்ட சொன்னான், அவர் என்ன சொன்னார். "எப்பவுமே இப்படித்தான் சார்"னு பொதுவா சொன்னா எந்த விசாரணைலயும் அது நிக்காது, "இன்ன தேதி நைட் ஷிப்ட்ல" அப்படின்னு ஆரம்பிச்சாத்தான் எதிர்ல இருக்கறவர் ரெஜிஸ்டரத் திறந்து பாக்கணும். ஆனா ஒண்ணு, ரொம்பக் கண்டிப்பா சொல்றேன்: ஆலைக்குள்ள போன்ல படம் எடுக்கறது, உள்ள இருக்கற பேப்பர வெளிய கொண்டு வரது, இதெல்லாம் வேணவே வேணாம், அது தடை செஞ்ச இடம், புகார் ஒரு பக்கம் போயிடும், பையன் மேல கேஸ் வந்துரும். புகார எழுத்துல, கூட வேலை பாக்கறவங்களும் சேந்து கையெழுத்து போட்டு, குடுத்ததுக்கு அத்தாட்சி வாங்கிக்கணும். யூனியன் இருந்தா அவங்கள வச்சு. நேரா அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும், அதாவது ஏ.இ.ஆர்.பிக்கும், ஒரு காப்பி போகணும். தன்னோட டோஸ் கணக்கும், அதாவது உடம்பு வாங்கின கதிரளவுக் கணக்கும், மெடிக்கல் ரிப்போர்ட்டும் எழுதிக் கேட்டு வாங்கி வச்சுக்கணும், அஞ்சு வருஷ சராசரி வருஷத்துக்கு 20 மில்லிசீவெர்ட் (கதிர் டோஸ அளக்கற அலகு), எந்த ஒரு வருஷத்துலயும் 30 தாண்டக் கூடாது, இதுதான் நம்ம நாட்டுல தொழிலாளிக்கு உள்ள வரம்பு, அதுல உள்ள போன பொடியோட டோஸும் சேத்துத்தான் கணக்கு.

வேலை போகுமா? கான்ட்ராக்ட் ஆளுக்கு அந்த பயம் நிஜம், இல்லன்னு நான் எழுத மாட்டேன். அதனாலதான் தனியாப் போகாம சேந்து போகச் சொல்றேன்.

கொடைக்கானல்காரங்களுக்கு இத நான் புதுசா சொல்லணும்னு இல்ல. 2001ல மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்குல பாதரசம் ஒட்டின கண்ணாடிக் குப்பை டன் கணக்குல கிடந்தது வெளிய வந்து, அது வந்த தெர்மாமீட்டர் ஃபேக்டரிய மூடினாங்க. அதுக்கப்புறம் அங்க வேலை பார்த்தவங்க ஹைகோர்ட், கமிட்டி, ஆய்வுன்னு அலைஞ்சு, 591 பேருக்கு ஒரு உடன்பாடு வந்தது 2016 மார்ச்ல. நடுவுல பதினஞ்சு வருஷம். உடம்பு கெட்டது பாதரசத்தாலதான்னு தொழிலாளிங்க சொல்ல, இல்லவே இல்லன்னு கம்பெனி சொல்ல, இத்தன வருஷமும் சண்டை அதுலதான் நின்னுச்சு. வேலைல இருக்கறப்பவே ஒவ்வொருத்தர் கையிலயும் தன்னோட யூரின் ரிப்போர்ட்டு, எந்த ரூம்ல எத்தன மாசம் நின்னேன்ங்கற கணக்கு இருந்திருந்தா எவ்வளவு தூரம் மாறிருக்கும்னு நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல. உங்க பையனுக்கு இன்னும் நேரம் இருக்கு அம்மா.

கேள்வி: விசாரணைன்னு வந்தாலே ரெஜிஸ்டர் எல்லாம் சரியா இருக்கே, புகார்ல உண்மை இல்லன்னு முடிச்சுடறாங்க. பேப்பர நம்பாம வேற எத நம்பறது?
(ஓய்வு பெற்ற தொழிலாளி, அருவங்காடு)

பதில்: வேலை செய்யறவன் கைய நம்பணும் ஐயா. ஜப்பான்ல டோக்காய்முரான்னு ஒரு ஊரு, ஜே.சி.ஓங்கற எரிபொருள் கம்பெனி. அரசாங்கம் அனுமதிச்ச பேப்பர்ல வேலை முறை சுத்தமா இருந்துச்சு. ஆனா உள்ள, வேலை சீக்கிரம் முடியணும்னு, யுரேனியக் கரைசல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பக்கெட்ல கலக்கிட்டு இருந்தாங்க, அத ஒரு உள் கையேடாவே எழுதி வச்சிருந்தாங்க, அது அரசாங்கத்துக்குக் காட்டாத கையேடு. 1999 செப்டம்பர் 30 அன்னிக்கு அதையும் மீறி, 18.8 சதவீதம் செறிவூட்டின யுரேனியத்த ஒரு தொட்டில நேரா ஊத்தினாங்க. அந்தத் தொட்டிக்கு வரம்பு 2.4 கிலோ, உள்ள போனது கிட்டத்தட்ட 16 கிலோ. அளவுக்கு மீறி ஒரே இடத்துல சேந்ததால யுரேனிய அணுக்கள் ஒண்ண ஒண்ணு பிளக்கற தொடர்வினை ஆரம்பிச்சு சுமார் இருபது மணி நேரம் ஓடுச்சு. ஊத்தினவங்கள்ல ரெண்டு பேர் மாசக் கணக்குல ஆஸ்பத்திரில கிடந்து செத்தாங்க. இவ்வளவு சேந்தா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாருமே ஒழுங்கா சொல்லித் தரல, அதத்தான் என்னால தாங்க முடியல.

அதனால விசாரிக்க வரவங்க மேனேஜர் ரூம்ல டீ குடிச்சிட்டு ஃபைல் பாத்தா போதாது. நைட் ஷிப்ட்டுக்கு, சொல்லாம, போகணும். தொழிலாளியத் தனியா, சூப்பர்வைசர் பக்கத்துல இல்லாம, அவனோட பாஷைல பேசணும், கான்ட்ராக்ட் பசங்கள விட்றக்கூடாது. "எப்படி செய்யணும்"னு கேக்காம "செஞ்சு காட்டு தம்பி"ன்னு கேக்கணும். அந்த விபத்துக்கப்புறம் ஜப்பான் சட்டத்தத் திருத்தி, தொழிலாளி நேரா அரசாங்கத்துக்கே புகார் குடுக்கலாம்னு சேத்தாங்க. 2003ல கம்பெனி ஆளுங்க ஆறு பேர் குத்தவாளின்னு தீர்ப்பும் வந்துச்சு.

இன்னொண்ணு, யார் விசாரிக்கறாங்கங்கறது. அணுசக்திய வளக்கறதும் கண்காணிக்கறதும் ஒரே கைல இருந்தா சரி வராதுன்னுதான் அமெரிக்கா தன்னோட அணுசக்தி கமிஷன 1974ல சட்டம் போட்டு ரெண்டாப் பிரிச்சுது. நம்ம ஏ.இ.ஆர்.பி 1983ல வந்தது, அதுக்குப் போதுமான சுதந்திரம் இல்லன்னு 2012ல சி.ஏ.ஜி, அதாவது அரசாங்கக் கணக்கத் தணிக்கை பண்றவங்களோட அறிக்கையே சொல்லிருக்கு.

கேள்வி: அமெரிக்கால கேரன் சில்க்வுட்னு ஒரு பொண்ணு இப்படிப் புகார் சொன்னதுக்காக கொன்னுட்டாங்கன்னு யூட்யூப்ல பார்த்தேன். நிஜமா?
(கல்லூரி மாணவி, தாண்டிக்குடி)

பதில்: கொலைன்னு நிரூபணம் ஆகலம்மா, அதனால நான் அப்படி எழுத மாட்டேன். நடந்தது இது. கேரன், ஓக்லஹோமால கெர்-மக்கீ கம்பெனியோட ப்ளூட்டோனிய எரிபொருள் ஆலைல டெக்னீஷியன், யூனியன்ல பொறுப்பு. 1974ல பாதுகாப்புக் குறைகள அணுசக்தி கமிஷன்கிட்ட சொன்னாங்க. நவம்பர்ல அவங்க உடம்புலயும் வீட்டுலயும் ப்ளூட்டோனியம் இருந்தது தெரிஞ்சுது. அதே மாசம் 13ம் தேதி ஒரு பத்திரிகைக்காரரப் பாக்க கார்ல போறப்ப விபத்து, 28 வயசு. கொண்டு போனதாச் சொன்ன பேப்பர் கிடைக்கல. தூங்கிட்டாங்கன்னு போலீஸ் சொல்லிச்சு, யூனியன் அத ஏத்துக்கல.

யூட்யூப்ல மர்மத்தோட நிறுத்திருவாங்க, எனக்கு அதுக்கப்புறம் நடந்ததுதான் பெருசு. கமிஷன் விசாரிச்சப்ப யூனியன் சொன்ன புகார்கள்ல பலதுல உண்மை இருந்துச்சு, எரிபொருள் கம்பியோட வெல்டிங்க சோதிக்க எடுத்த ஃபிலிம் நெகட்டிவ்கள பேனாவால திருத்தினது உட்பட. 1975ல ஆலைய மூடிட்டாங்க. அப்பா கேஸ் போட்டார், 1979ல ஜூரி ஒரு கோடி டாலருக்கு மேல குடுக்கச் சொல்லுச்சு, அப்பீல் கோர்ட் அதுல பெரும்பகுதிய ரத்து பண்ணிருச்சு, 1984ல சுப்ரீம் கோர்ட் மாநில சட்டப்படி கம்பெனிக்குத் தண்டனையா கூடுதல் தொகை கேக்கலாம்னு சொல்லுச்சு, கடைசில 1986ல கம்பெனி தப்ப ஒத்துக்காமலே 13.8 லட்சம் டாலருக்கு முடிச்சுது. அணுத்துறைல புகார் சொல்ற தொழிலாளிய வேலைய விட்டுத் தூக்கக் கூடாதுன்னு 1978ல அங்க சட்டமே வந்துருச்சு.

கேள்வி: நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரில எக்ஸ்ரே டெக்னீஷியன். எங்க பேட்ஜ் எல்லாம் டிராயர்லயே கிடக்கு, ரீடிங் எடுக்க அனுப்பறப்ப மட்டும் எடுக்கறாங்க. இதுவும் புகார் பண்ற விஷயமா?
(கோத்தகிரி)

பதில்: ஆமா, கண்டிப்பா. டிராயர் வாங்கின டோஸத்தான் உங்க பேர்ல எழுதிட்டு இருக்காங்க. நாளைக்கே எடுத்து நெஞ்சுக்கு நேரா, லெட் (ஈய) ஏப்ரனுக்கு உள்பக்கம் குத்துங்க, வேலை முடிஞ்சா கதிர் படாத ரூம்ல வைங்க, இன்னொருத்தர் பேட்ஜ மாத்திப் போடாதீங்க. இதுவரைக்கும் வந்த ரிப்போர்ட் எல்லாம் காப்பி கேளுங்க, எழுத்துல. பேட்ஜ் போடாம இருந்த மாசங்களையும் ஆஸ்பத்திரியோட கதிர்வீச்சு பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதிக் குடுத்துடுங்க, அந்த ஜீரோவ ஜீரோன்னு யாரும் எடுத்துக்கக் கூடாது. அவர் அசையலைன்னா ஏ.இ.ஆர்.பிக்கு எழுதுங்க.