இரக்கமுள்ள தேவன் நியாயந்தீர்ப்பது எப்படிப் பொருந்தும்? – என் பதில்

"தேவன் இரக்கமுள்ளவர் என்றால் நியாயத்தீர்ப்பு எதற்கு, நியாயந்தீர்ப்பவர் என்றால் மன்னிப்பு எப்படி மெய்யாகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை வேதபாட ஆர்வத்தில் மட்டும் ஒருவர் கேட்பதில்லை. நீங்கள் யாரையோ ஏமாற்றியிருக்கலாம், அல்லது யாரிடமோ ஏமாந்திருக்கலாம். என் அப்பா முதல் வகை.

கேரள எல்லையை ஒட்டிய அருமனைப் பக்கம் எங்கள் ஊர். அப்பா ரப்பர் ஷீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டிய ரப்பரான ஒட்டுப்பாலும் வாங்கி விற்றார். ஈரத்துக்காக எடையில் கொஞ்சம் கழிப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அப்பா அந்தக் கழிவைச் சிலருக்கு மட்டும் கூட்டிப் பிடித்தார். எதிர்த்துக் கேட்க ஆளில்லாதவர்கள்தான் அந்தச் சிலர். எழுதிக் கொடுத்த எடை ஒன்று, நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்த மெய்யான எடை இன்னொன்று.

இதய நோயில் படுத்தபோது, பார்க்க வந்த எல்லோரும் "இயேசுவின் இரத்தம் எல்லாவற்றையும் கழுவிவிட்டது, கலங்காதீர்கள்" என்றே ஜெபித்துவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அது ஆறுதலாக இல்லை. மே மாதக் கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டப் பந்தல்களில் முதல் நாள் நரகத்தைக் காட்டி நடுங்க வைத்து, கடைசி நாள் கை உயர்த்தியவர்களுக்கெல்லாம் மன்னிப்பை வாரி வழங்கும் பிரசங்கங்கள்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. ஏமாற்றப்பட்டவர் அந்தப் பந்தலுக்கு வெளியே நிற்கிறார் என்பதை அவற்றில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் அப்பா நோட்டை என்னிடம் தந்து, பதினொரு பெயர்களைக் கோடிட்டுக் காட்டினார். எண்ணாகமம் 5:7 சொல்கிறபடி முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்துவரச் சொன்னார். கிரியையினால், அதாவது தன் நற்செயலால், இரட்சிப்பைத் தேடினார் என்று எவரும் பழிக்க வேண்டாம். சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவனான சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொல்வதற்கு முன்பே இயேசு அவன் வீட்டில் தங்க வருவதாகச் சொல்லிவிட்டார். இரக்கம் முதலில் வீட்டுக்குள் வந்ததால்தான் அவனால் கணக்கைத் திறக்க முடிந்தது. யாத்திராகமம் 34-இல் மோசேக்கு முன்பாகக் கடந்துபோன கர்த்தர் அக்கிரமத்தை மன்னிக்கிறவர் என்றும், குற்றவாளியைக் குற்றமற்றவனாக விடாதவர் என்றும் ஒரே மூச்சில் சொல்லப்படுகிறார். பிரித்துப் படிப்பவர்கள் நாம்தான்.

பத்துப் பேர் பணத்தை வாங்கிக்கொண்டு, பெரிய மனசு என்றுகூடச் சொன்னார்கள். வெள்ளறடைக்கு அப்பால் இருந்த ஒரு விதவைத் தாய் மட்டும் பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்தப் பணம் அன்றைக்கு இருந்திருந்தால் என் மகள் பத்தாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டாள். பணத்தை வாங்கிக்கொள்கிறேன் மோனே, மன்னித்தேன் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதே" என்றார்.

அதை அப்படியே அப்பாவிடம் சொல்லலாமா என்று வழியெல்லாம் யோசித்து, கடைசியில் சொல்லிவிட்டேன். வெகுநேரம் அழுதார். சுரியானி சபையைச் சேர்ந்த என் நண்பர் பின்னாளில் ஏழாம் நூற்றாண்டுத் துறவியான நினிவேயின் ஈசாக்கைப் பற்றிச் சொன்னார். தேவனுடைய இரக்கத்தை அவரைப்போல் உயர்த்திப் பேசியவர் அரிது. அவரே, நரகத்தில் இருப்போரை வருத்துவது அன்பின் சாட்டை என்றும் எழுதியிருக்கிறார். அதைக் கேட்டபோது அப்பாவின் அந்த மாலைதான் என் நினைவுக்கு வந்தது. தன்னை யாரும் தள்ளிவிடவில்லை என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அந்தத் தாயின் வார்த்தைகளை மழுப்பாமல் அவரால் கேட்க முடிந்தது. நியாயத்தீர்ப்பு என்ற சொல்லை நான் இப்போது வாசிக்கும்போதெல்லாம், நாம் செய்தது இன்னதென்று மறைப்பின்றி நமக்குக் காட்டப்படுவது என்றே புரிந்துகொள்கிறேன். எல்லாச் சபைகளும் இதை ஒப்புக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை.

அழுது முடித்த அப்பா கேட்டது, "அந்த மகள் இப்போது எங்கே இருக்கிறாள்?" என்பதுதான். நான் விசாரிக்காமல் வந்திருந்தேன். மறுநாள் முதல் பேருந்தில் என்னை மறுபடியும் அனுப்பி விலாசம் வாங்கி, நடுங்கும் கையால் தாமே கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த வாரம் போதகர் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்தபோது, அப்பா பாவ அறிக்கையை எங்கள் எல்லோரையும்விட மெதுவாகச் சொன்னார். நாங்கள் முடித்த பிறகும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, போதகர் காத்திருந்தார்.