உறைந்த ஏரியில் ஒரு முழுக்கு

கேள்வி: பின்லாந்தில் உறைந்த ஏரியில் துளை போட்டு முங்குகிறார்களாமே! தலைகுந்தாவில் உறைபனி விழும் காலையில் தொட்டித் தண்ணீரில் நானும் முங்கலாமா?
– வாசகர், ஊட்டி

பதில்: ஆசை புரிகிறது. நானும் கோத்தகிரிக்காரிதான், தை மாதத்தில் குழாயைத் திறந்தாலே விரல் மரத்துப்போகும். பின்லாந்து ஏரியில் பனிக்கட்டிக்கு அடியில் தண்ணீர் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். இறங்கியதும் நம்மை மீறி மூச்சு ‘ஹக்’கென்று இழுக்கும். அந்த நேரம் தலை உள்ளே இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பெரிய ஆபத்தே அந்த முதல் நிமிடம்தான். அதனால்தான் அங்கே பலரும் ஏணியைப் பிடித்து, கழுத்து வரை மட்டும் மெதுவாக இறங்கி, சீக்கிரமே ஏறிவிடுகிறார்கள். உங்கள் தொட்டிக்கும் இதே கணக்குதான்.

இதய நோய், ரத்த அழுத்தம் இருந்தால் வேண்டவே வேண்டாம். சரி, மற்றவர்கள்? தனியாக இறங்காதீர்கள். ஏறியதும் துவட்டிவிட்டுக் கம்பளி போடுங்கள். வெளியே வந்த பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் குளிர்ந்துகொண்டே போகும். நடுக்கம் நிற்கும்வரை ஸ்கூட்டரை எடுக்காதீர்கள்.