மாடித்தோட்டக் குழுவுக்கு எட்டுப் பிரிவுகள் வேண்டுமா?

கேள்வி: டெலிகிராமில் ஒரு மாடித்தோட்டக் குழு நடத்துகிறோம். இப்போது 1,900 பேர் இருக்கிறார்கள். நாளுக்கு 150 செய்திகளுக்குக் குறைவதில்லை. விதை கேட்பவர், பூச்சி அரித்த இலையைப் படமெடுத்துப் போடுபவர், அறுவடையைக் காட்டுபவர், க்ரோ பேக் விற்பவர் எல்லாரும் ஒரே இடத்தில்தான். "கேட்ட கேள்வி பத்து நிமிஷத்தில் மேலே போய்விடுகிறது" என்று புகார் வருகிறது. விதை, உரம், பூச்சி, காய்கறி, கீரை, பூச்செடி, பழமரம், விற்பனை என்று எட்டு டாபிக் (குழுவுக்குள்ளேயே தனித்தனிப் பிரிவு) திறந்துவிடலாம் என்கிறார் ஒரு அட்மின். பிரித்தால் குழு செத்துவிடும் என்கிறார் இன்னொருவர். எப்போது பிரிக்கலாம், எத்தனையாகப் பிரிக்கலாம்? வாட்ஸ்அப் கம்யூனிட்டிக்கு மாறலாமா என்ற யோசனையும் இருக்கிறது. (ஒரு வாசகி, மதுரை)

பதில்: எட்டு வேண்டாம். இப்போதைக்கு ஒன்று போதும். விதைப் பரிமாற்றத்தையும் விற்பனையையும் சேர்த்து ஒரே பிரிவாகத் திறந்துவிடுங்கள். மற்றவற்றில் சிலவற்றுக்கு இன்னும் நேரம் வரவில்லை. சிலவற்றுக்கு எப்போதுமே வராது என்பது என் எண்ணம்.

முதலில் அந்த 1,900 என்ற எண்ணை ஒதுக்கி வையுங்கள். இணையக் குழுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படிப்பதோடு சரி, ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். இது தோராயக் கணக்குதான், எல்லாக் குழுவுக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் உங்கள் குழுவுக்குப் போட்டுப் பார்த்தால் 19 பேர் வருகிறது. பிரிவுகளைத் தாங்கப் போவது அந்த 19 பேர்தான்.

அதிலும் எழுதுபவர் வேறு, பதில் சொல்பவர் வேறு. கடந்த முப்பது நாள் உரையாடலைப் புரட்டி, அடுத்தவர் கேள்விக்கு உருப்படியாகப் பதில் சொன்னவர்களின் பெயரை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். காலை வணக்கம், கைதட்டல், "எனக்கும் இதே பிரச்சினை" எல்லாம் கணக்கில் சேராது. ஏழெட்டுப் பெயர் தேறினாலே நல்ல குழு என்பேன். இப்போது எட்டு டாபிக் திறந்தால், அந்த ஏழெட்டுப் பேரும் தினமும் எட்டு இடம் ஏறி இறங்க வேண்டும். செய்ய மாட்டார்கள். சம்பளமா வாங்குகிறார்கள்? பழமரப் பிரிவில் ஒருவர் கொய்யா ஏன் பூ உதிர்க்கிறது என்று கேட்பார், மூன்று நாள் பதில் இருக்காது. அடுத்து வருபவர் அதைப் பார்த்துவிட்டு, தன் கேள்வியைப் பொதுப் பகுதியிலேயே போடுவார். கடைசியில் பொதுப் பகுதியின் நெரிசல் அப்படியே இருக்கும், கூடவே ஏழு காலிப் பிரிவுகளும் இருக்கும்.

உங்கள் அட்மின் போட்ட பட்டியலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. மாடித்தோட்டக் குழுவில் அதிகம் வரும் கேள்வி "இலை மஞ்சளாகிறது, என்ன செய்ய?" என்பதாகத்தான் இருக்கும். அதை எந்தப் பிரிவில் போடுவது? அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நரம்புகளுக்கு இடைப்பகுதி வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு. வெண்டையில் நரம்பே மஞ்சள் வலையாகத் தெரிந்தால் அது வைரஸ் நோய், பரப்புவது வெள்ளை ஈ. தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும். இது உரமா, பூச்சியா, காய்கறியா என்று தெரிந்தவர் கேள்வியே கேட்க மாட்டார். பதில் தெரிந்தால்தான் சரியான பிரிவைத் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், அந்தப் பிரிவினை கேட்பவருக்குத் தடையாகிவிடுகிறது. புதிதாகச் செடி வைத்தவர் தவறான இடத்தில் போட்டு, "இது இங்கே கேட்கக் கூடாது" என்று ஒரு அட்மினிடம் பேச்சும் வாங்கினால், அப்புறம் அவர் வாயே திறக்க மாட்டார். அதனால் உரம், பூச்சி, காய்கறி, கீரை நான்கும் ஒன்றாகவே கிடக்கட்டும். உரத்துக்குப் பதில் சொல்ல வந்தவர், அது பூச்சி என்று கண்டுபிடிப்பதும் அங்கேதான் நடக்கும்.

அப்படியானால் விற்பனையை மட்டும் ஏன் பிரிக்கச் சொல்கிறேன்? அங்கே பேச்சின் முறையே வேறு. "நாட்டுக் கத்தரி விதை இருக்கிறது, கூரியர் செலவு மட்டும் போதும்" என்ற செய்திக்கு இரண்டு நாள்தான் ஆயுள். பூச்சிக்குச் சொன்ன பதில் இரண்டு வருடம் கழித்தும் ஒருவருக்கு உதவும். விற்பனையில் காசு, முகவரி, கைப்பேசி எண் எல்லாம் வரும். அதற்கென்று விதிகள் வேண்டும்: விலை எழுதாமல் "இன்பாக்ஸ் வாருங்கள்" கூடாது, எந்த ஊரிலிருந்து அனுப்புகிறார் என்று சொல்ல வேண்டும், விற்று முடிந்ததும் செய்தியை நீக்க வேண்டும், இப்படி. இந்த விதிகளை எல்லார் மேலும் சுமத்த முடியாது. விதை வாங்கத் தேவையில்லாதவர் அந்த டாபிக்கை மட்டும் மியூட் செய்துகொள்ளலாம், குழுவை விட்டே போக வேண்டியதில்லை. பொருள் வேறாக இருப்பதைவிட நடத்தை வேறாக இருப்பதுதான் பிரிப்பதற்கு வலுவான காரணம்.

பருவத்தையும் கவனியுங்கள். ஆடிப்பட்டம் நெருங்கினால் விதைப் பேச்சு பெருகும். வெயில் காலத்தில் மாவுப்பூச்சிப் படங்களாக வந்து குவியும். அந்த ஒரு மாதக் கூட்டத்தைப் பார்த்து நிரந்தரப் பிரிவு திறந்தால் அடுத்த மாதம் அது வெறிச்சோடும். இரண்டு பட்டமாவது தாண்டியும் ஒரு பேச்சு தாக்குப்பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"கேள்வி மேலே போய்விடுகிறது" என்ற புகாருக்கு வருவோம். நியாயமான புகார்தான். ஆனால் அதற்குப் பிரிவு மருந்தல்ல. தினமும் இரவு ஒரு அட்மின், அன்று பதில் கிடைக்காத கேள்விகளைத் தேடி, ஒவ்வொன்றுக்கும் ரிப்ளை கொடுத்து மீண்டும் கீழே கொண்டுவந்தால் போதும், கால் மணி நேர வேலை. திரும்பத் திரும்ப வரும் பஞ்சகவ்யா, மீன் அமிலம், வேப்பெண்ணெய்க் கரைசல் அளவுகளுக்கு ஒரு நல்ல பதிலை எழுதி, அதன் இணைப்பைப் பின் செய்த (குழுவின் மேலே நிலையாக நிறுத்திய) செய்தியில் வையுங்கள். இந்த இரண்டையும் ஒரு மாதம் செய்து பார்த்தால், பிரிவு கேட்ட குரல்களில் பாதி அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி சொல்வதைத்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

பழமரமும் பூச்செடியும் பிரிவாகத் தேறுமா என்று பிரிக்காமலேயே சோதிக்க வழி இருக்கிறது. ஹேஷ்டேக் போடச் சொல்லுங்கள். ட்விட்டரில் அந்தப் பழக்கத்தை 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா முன்வைத்தபோது, குழுக்களுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்றுதான் கேட்டார். #பழமரம் என்று போட்டால், அதைத் தொட்டவுடன் அந்தக் குறியுள்ள செய்திகள் மட்டும் வரிசையாக வரும். தமிழில் போடும் குறி எல்லார் போனிலும் முழுச் சொல்லாக நீலத்தில் தெரிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நினைவூட்டாமலே மக்கள் அந்தக் குறியைப் போடுகிறார்கள் என்றால் அங்கே ஒரு பிரிவு தானாக முளைக்கிறது என்று அர்த்தம். நீங்கள் மட்டுமே போட்டுக்கொண்டிருந்தால் விட்டுவிடலாம்.

இதெல்லாம் புதிய கவலை இல்லை. இணையம் வீடுகளுக்கு வருவதற்கு முன்பே, கணினி வலையில் இயங்கிய விவாதக் குழுக்களின் தொகுப்பான யூஸ்நெட்டில் இதே தகராறு நடந்தது. அதன் முக்கியப் பிரிவுகளில் புதுக் குழு திறக்க முதலில் எல்லார் முன்னிலையிலும் விவாதம், பிறகு வாக்கெடுப்பு. வேண்டும் என்ற வாக்குகள் வேண்டாம் என்பதைவிட நூறாவது கூடுதலாக இருக்க வேண்டும், மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கும் இருக்க வேண்டும். இந்தியா பற்றிய பொதுக் குழுவோடு நிற்காமல் தமிழுக்கென்று 'சாக்.கல்ச்சர்.தமிழ்' இருந்தது அங்கேதான். பிற்பாடு, கேள்வி-பதில் தளங்களை நடத்தும் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச், புதுத் தளங்களை முன்மொழிவதற்கென்று 2010-ல் தொடங்கிய 'ஏரியா 51' இன்னும் ஒரு படி மேலே போனது. புதுத் தளம் வேண்டும் என்று கைதூக்கினால் மட்டும் போதாது. எந்த மாதிரிக் கேள்விகள் வரும் என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது, 200 பேர் பங்களிப்பதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, அதில் 100 பேர் மற்ற தளங்களில் ஏற்கெனவே பங்களித்துப் பெயர் வாங்கியவர்களாக இருக்க வேண்டியிருந்தது. அவர்கள் எண்ணியது கேட்க வருபவரை அல்ல, சொல்ல வருபவரை. உங்களுக்கு 200 பேர் தேவையில்லை, ஆனால் எண்ண வேண்டியது அதையேதான்.

என் அளவுகோல் இது. பழமரத்துக்குத் தனிப் பிரிவு வேண்டுமென்றால், அட்மின் அல்லாத மூன்று பேர் அந்தப் பேச்சைத் தொடர்ந்து தாங்க வேண்டும். ஏன் மூன்று? ஒருவர் ஊருக்குப் போவார், ஒருவருக்கு வேலை அதிகமாகும், மூன்றாமவராவது இருப்பார். அநேகமாகத் தினமும் அதில் ஒரு புதுக் கேள்வி வர வேண்டும், பெரும்பாலானவற்றுக்கு ஒரு நாளுக்குள் பதில் கிடைக்க வேண்டும். இன்னொன்று, அந்தப் பேச்சைப் பொதுவிலிருந்து எடுத்தால் பொதுவுக்கு நஷ்டம் இல்லாமல் இருக்க வேண்டும். அறுவடைப் படங்கள் இதில்தான் தோற்கும். செய்திகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தனிப் பிரிவுக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் நோயும் பூச்சியும் மட்டுமே நிறைந்த இடத்தில் புதியவருக்குத் தெம்பு தருவது யாரோ ஒருவர் காட்டும் முதல் தக்காளிதான். அதைத் தனியறைக்கு அனுப்பாதீர்கள்.

இனி திறக்கும் வேலை. குழு அமைப்பில் டாபிக்ஸை இயக்கினால், இதுவரை வந்த செய்திகள் எல்லாம் பொது டாபிக்கில் அப்படியே இருக்கும், எதுவும் தொலையாது. ஆனால் குழுவைத் திறந்ததும் உரையாடலுக்குப் பதில் பட்டியல் தெரியும். வயதானவர்கள் "குழு காணாமல் போச்சு" என்று போன் செய்வார்கள், தயாராக இருங்கள். ஒரு வாரம் முன்பே ஸ்கிரீன்ஷாட்டோடு அறிவித்துவிடுவது நல்லது. எல்லாவற்றையும் பழையபடி ஒரே வரிசையில் பார்க்கும் வசதியும் இருப்பதைக் காட்டிக் கொடுங்கள். புதுப் பிரிவு காலியாகத் திறக்கக் கூடாது. விதிகளைப் பின் செய்து, உண்மையிலேயே விதை கொடுக்கவிருக்கும் நாலைந்து பேரை முன்கூட்டியே பேசிவைத்து, அவர்கள் செய்திகளோடு திறங்கள். தவறான இடத்தில் போடுபவரை முதல் மாதம் கண்டிக்க வேண்டாம், நீங்களே ஃபார்வர்ட் செய்துவிட்டு ஒரு வரி சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். ஓடவில்லை என்றால் டாபிக்கை மூடிவிடலாம். மூடினாலும் பழைய செய்திகளைப் படிக்க முடியும், வேண்டுமென்றால் திரும்பவும் திறக்கலாம். திறக்கும்போதே "இது மூன்று மாதச் சோதனை" என்று சொல்லிவிட்டால் மூடும்போது யாருக்கும் மனக்கசப்பு வராது.

வாட்ஸ்அப் கம்யூனிட்டிக்கு மாறும் யோசனையை நான் ஏற்கவில்லை. 2022-ல் வந்த அந்த வசதி, பள்ளி, குடியிருப்புச் சங்கம் போல ஏற்கெனவே தனித்தனிக் குழுக்களாக இருப்பவர்களைச் சேர்த்துக் கட்டுவதற்குப் பொருத்தமானது. அங்கே ஒவ்வொரு பிரிவும் தனிக் குழு, ஒரு குழுவில் 1,024 பேர்தான். உங்கள் 1,900 பேரும் பேசும் பொதுப் பகுதியையே இரண்டாக வெட்ட வேண்டிவரும். குழுவில் எழுதுபவரின் எண்ணும் மற்றவர் கண்ணில் படும். டெலிகிராமில் எண்ணை மறைத்துக்கொண்டே பேசலாம். மாடித்தோட்டக் குழுவில் பெண்கள் நிறைய இருப்பார்கள் என்பதால் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். போதாக்குறைக்கு, இன்று சேர்பவர் டெலிகிராமில் பழைய உரையாடல் முழுவதையும் தேடிப் படிக்கலாம், அமைப்பில் அது இயக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் இன்றே பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்புக்குப் போனால் இத்தனை நாள் சேர்த்த பதில்கள் கூடவே வராது.