முடி கொட்டுகிறதா, முறிகிறதா?

கேள்வி: வயது 34. உப்புவெளியில் இருக்கிறேன். கழுத்தளவுதான் முடி. மூன்று மாதத்துக்கு முன் பார்லரில் கிரீம் போட்டு நேராக்கினேன். ஒரு கிழமைக்குள் பழுப்பு நிறமும் அடித்தேன். இப்போது சீப்பு நிறைய முடி வருகிறது, அடியில் சுருளும் தெரிகிறது. திரும்பவும் நேராக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். சீப்பில் வந்த முடியை ஒரு வெள்ளைத் துவாயில் போட்டு வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் சின்னக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. நாளுக்கு 50 முதல் 100 வரை எல்லோருக்கும் உதிரும், பயமில்லை. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் என்றால் நடுவில் முறிந்தவை. உங்களுக்கு நடப்பது முறிவுதான் என்று நினைக்கிறேன்.

நேராக்கும் கிரீம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கிறது. அதன் மேல் சாயத்தில் இருக்கும் பெரொக்சைட் என்ற இரசாயனமும் போனால் தாங்காது. இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு கிழமையாவது விட்டிருக்க வேண்டும். முடி உயிரில்லாத பொருள். தோலைப் போல ஆறாது. எந்த கண்டிஷனரும் பூசி மறைக்கும், பழையபடி ஆக்காது.

ஆனால் உங்கள் முடி குட்டை, அதுதான் நல்ல செய்தி. மாதம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் வளரும். அடியில் தெரியும் சுருள்தான் உங்கள் நல்ல முடி. ஆறு கிழமைக்கு ஒருமுறை நுனியை வெட்டிக்கொண்டே வந்தால், ஒரு வருடத்துக்குள் பழுதானதில் பெரும்பகுதி போய்விடும்.

பிறகு நேராக்க ஆசைப்பட்டால் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் போடச் சொல்லுங்கள். முதலில் போட்ட கிரீமின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். சோடியம் ஹைட்ரொக்சைட் உள்ள கிரீம் போட்ட முடியில் தயோகிளைக்கலேற் என்ற வேறு இரசாயனம் உள்ள கிரீமைப் போட்டால் கொத்தாக முறிந்து வரும்.

கடலில் குளிப்பீர்கள்தானே? இறங்குமுன் நல்ல தண்ணீரால் தலையை நனைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். ஏறியதும் அலசிவிடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் தலையை மூடிக்கொள்ளுங்கள். சூட்டுக் கருவி கிட்டவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று: எப்போதாவது சாயம் போட்டபின் உச்சந்தலை கடித்து, கண் இமை வீங்கினால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். சாயப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.