எங்கள் லயத்தில் நான்கு லெட்சுமி

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். இப்போது பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம், கம்ப்யூட்டர். ஏ.எல். (உயர்தரம்) வரை தமிழில் படித்துவிட்டு இங்கே டேட்டாபேஸ் பாடத்தை இங்கிலீஷில் கேட்கிறேன். மூன்று கிழமையாக டேபிள், கீ, நார்மலைசேஷன் (ஒரு டேபிளைப் பலதாகப் பிரிப்பது) என்றே போகிறது, ஒரு வரி கோட் எழுதவில்லை. எங்கள் தோட்டத்து ஆபீசில் எல்லாமே ஒரே எக்ஸெல் தாளில் நடக்கிறது. நன்றாக இருக்கிற ஒரு டேபிளை நான்காக உடைப்பதில் என்ன லாபம்?

ஒரு மாணவி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோட் கவலையை விடுங்கள். டேட்டாபேஸைக் கேள்வி கேட்கிற மொழியான எஸ்கியூஎல் சீக்கிரம் கைக்கு வந்துவிடும், வராமல் இழுப்பது நீங்கள் இப்போது சலித்துக்கொள்கிற பகுதிதான்.

என் அம்மா கொழுந்து எடுத்தவர். அவர் பேர் ஒரு கடதாசியில் லெட்சுமி, இன்னொன்றில் லட்சுமி, வேறொன்றில் லெச்சுமி. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு அலுவலகத்துக்கு ஏழெட்டுத் தரம் பஸ் ஏறினோம். இதில் எங்கள் லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) மட்டும் நான்கு லெட்சுமி! ஆளை எதை வைத்து அடையாளம் காண்பது என்பதுதான் பிரைமரி கீ. இது உங்கள் லெக்சரருக்கு முந்தியே உங்கள் தோட்டத்துக் கிளாக்கருக்குத் தெரியும், அதனால்தான் செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) ஆளுக்கு ஒரு நம்பர்.

இப்போது அந்த எக்ஸெல் தாளைப் பாருங்கள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு வரியிலும் பேர், லயம், கங்காணி, கிலோ. அம்மா ஆறாம் லயத்திலிருந்து நாலாம் லயத்துக்கு மாறினால் அந்த மாதத்தின் அத்தனை வரியையும் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனால் அவர் இரண்டு லயத்தில் குடியிருப்பார். பிள்ளைப்பேற்று லீவில் இருக்கிற ஒரு அக்கா அந்த மாதம் ஒரு கிலோவும் எடுக்கவில்லை என்றால் அவருக்கு வரியே இல்லை, தாளைப் பொறுத்தவரை அப்படி ஒரு ஆளே தோட்டத்தில் இல்லை. சரி, ஆட்களுக்கு ஒரு டேபிள், கொழுந்துக்கு ஒரு டேபிள் என்று பிரித்து, கொழுந்து டேபிளில் நம்பரை மட்டும் போட்டுப் பாருங்கள். லயம் ஒரே இடத்தில் இருக்கும், அக்காவும் இருப்பார். எக்ஸெல் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை, நானும் வீட்டுக் கணக்கை அதில்தான் வைத்திருக்கிறேன்.

ஐசி (தேசிய அடையாள அட்டை) நம்பரையே கீயாகப் போடலாமே என்று தோன்றும். என் முதல் புரொஜெக்டில் நானும் அப்படித்தான் போட்டு மாட்டிக்கொண்டேன். பழைய ஐசியில் ஒன்பது இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும், 2016க்குப் பிறகு வந்ததில் பன்னிரண்டு இலக்கம், ஒரே ஆள் ஓரிடத்தில் பழையதையும் இன்னோரிடத்தில் புதியதையும் கொடுத்தால் டேபிளுக்கு அவர் இரண்டு ஆள். அது போக, பிறந்த வருஷமும் அந்த வருஷத்தில் எத்தனையாவது நாள் என்பதும் நம்பருக்குள்ளேயே இருக்கிறது (பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும்), பிறந்த திகதிக்குத் தனிக் கட்டம் வைத்தால் ஒரே விஷயம் இரண்டு இடத்தில். ஐசியே எடுக்காத ஆளை என்ன செய்வீர்கள்?

1970இல் ஐபிஎம்மில் வேலை செய்த காட் என்ற கணிதக்காரர் இந்த டேபிள் முறையை எழுதியபோது அவர் கவலை வேறு. அதுவரை தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது, எந்த வழியாகப் போய் எடுப்பது என்பதெல்லாம் புரோகிராம் எழுதுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். என்ன வேண்டும் என்று மட்டும் கேள், தேடுவது மெஷின் பாடு என்றார் அவர். நீங்கள் காத்திருக்கிற எஸ்கியூஎல் நான்கு வருஷம் கழித்து அதே கம்பெனியில் அதிலிருந்து பிறந்ததுதான்.

லீவுக்கு வரும்போது ஒரு நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் போய் நில்லுங்கள். காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் நிறுப்பார்கள். கொழுந்து டேபிளுக்கு நம்பரும் திகதியும் சேர்ந்தால் கீ ஆகிவிடுமா? பதிலை எழுதி அனுப்புங்கள், தமிழிலேயே.