தாத்தாவின் சன்பீம் சைக்கிளுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடிக்கலாமா?

அம்பாசமுத்திரத்தில் உங்கள் தாத்தா ஓட்டிய பழைய சன்பீம் சைக்கிளைச் சுரண்டிவிட்டுப் பவுடர் கோட்டிங் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சைக்கிளில் மீண்டும் பெற முடியாத ஒன்று இருக்குமானால், அது அதன் கறுப்புப் பூச்சுதான்.

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் அதைத் தயாரித்த ஜான் மார்ஸ்டன் அடிப்படையில் சைக்கிள்காரர் அல்லர். தகரத் தட்டுகளுக்கும் பெட்டிகளுக்கும் கறுப்பு மெருகு ஏற்றும் ஜப்பானிங் தொழிலைக் கற்று, தாம் பயிற்சி பெற்ற எட்வர்ட் பெர்ரியின் தொழிற்சாலையையே 1871இல் தமதாக்கிக்கொண்டவர். 1887இல் சைக்கிள் செய்யத் தொடங்கியபோது அந்தக் கைத்திறனையும் உடன் கொண்டுவந்தார். இரும்பின்மீது மெருகைப் பூசி, அடுப்பறையில் சுட்டு, தேய்த்து, மறுபடி பூசிச் சுடுகின்ற அந்த வேலையில் கிடைத்த ஆழமான கறுப்பையும், அதன்மீது இழுத்த பொன் கோடுகளையும் இன்றைய எந்தத் தெளிப்பு பெயிண்டும் தராது. ராலே போன்ற பெரிய ஆலைகள் எண்ணிக்கையில் எங்கோ போய்விட்ட காலத்திலும் மார்ஸ்டன் தரத்தையே நம்பினார். இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கர் 1900இல் வாங்கியதும் ஒரு ராயல் சன்பீம்தான்.

மார்ஸ்டனின் இன்னொரு பெருமை செயினை முழுவதுமாக மூடி, உள்ளே எண்ணெய் நிற்கும்படி அமைத்த உறை. அதற்கு 'லிட்டில் ஆயில் பாத்' என்று பெயர். திசையன்விளை, உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். திறந்த செயினில் எண்ணெயோடு செம்மணல் கலந்தால் அதுவே அரம்போல் பல்சக்கரத்தைத் தின்றுவிடும். உறைக்குள் மணலும் புகாது, ஆடிச் சாரலும் நனைக்காது.

ஆகவே முதலில் உங்கள் சைக்கிள் எந்தக் காலத்தது என்று பாருங்கள். மார்ஸ்டன் 1918இல் இறந்த பிறகு நிறுவனம் நோபல் இண்டஸ்ட்ரீஸிடமும், 1937இல் அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸிடமும், 1943இல் பி.எஸ்.ஏ.விடமும் போனது, கடைசியில் வந்தவை பி.எஸ்.ஏ. சைக்கிளின்மேல் ஒட்டிய சன்பீம் பெயர் என்றே சொல்லலாம். எண்ணெய் உறையும், ஹேண்டில் பாரில் சற்று மஞ்சள் சாயலுள்ள நிக்கல் பூச்சும் இருந்தால் பழையது என்று நம்ப இடமுண்டு. நீலச் சாயலோடு மின்னும் குரோமியம் 1930ஐ ஒட்டித்தான் சைக்கிள்களில் பரவியது.

பழையதாக இருந்தால் தின்னர், பெட்ரோல், உப்புத்தாள் மூன்றையும் அருகில் கொண்டுவராதீர்கள். வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் சோப்பைக் கலந்து மெல்லிய துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின் மெழுகுப் பாலிஷ் இட்டால் போதும். பொன் கோடுகளைத் தேய்க்க வேண்டாம். பூச்சு உதிர்ந்த இடத்தில் மட்டும் துருவை மெதுவாக அகற்றி மெழுகால் மூடுங்கள். அந்த வடு தெரிவதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

உறைக்குள் உறைந்து கிடக்கும் பழைய எண்ணெயை வடித்துவிட்டு மெல்லிய மெஷின் ஆயிலை ஊற்றுங்கள். நம் வீடுகளில் கைக்கு எட்டுகிற தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ நாள்பட்டால் பிசினாகிவிடும். மார்ஸ்டன் பல பாகங்களைத் தம் ஆலையிலேயே செய்துகொண்டதால், இறுகிய நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கி மரை அழிந்துவிட்டால் மாற்று கிடைப்பது மிகவும் கடினம். எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். டயரைப் பற்றிக் கவலை வேண்டாம். ரிம் 28 × 1½ அளவாக இருந்தால், நம் ஊர்ச் சைக்கிள்களுக்கும் அதே அளவுதான் என்பதால், பாளையங்கோட்டைக் கடைகளில் கேட்டாலே கிடைக்கும்.