சூப்பர்வைசர் பதவியும் குழந்தைத் திட்டமும்

சகோதரி, தனியார் மருத்துவமனை ஐசியூவில் எட்டு வருடம் நர்ஸாக இருந்த உங்களைச் சூப்பர்வைசராகக் கூப்பிடுகிறார்கள். இந்த வருடம் குழந்தைக்கும் திட்டமிட்டிருக்கிறீர்கள். பதவியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன், அதே மருத்துவமனை என்றால். முதல் குழந்தைக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஆனால் பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அந்த நிறுவனத்தில் 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். புது இடம் என்றால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

நைட் டியூட்டி இல்லை என்பார்கள். நான் வார்டு இன்சார்ஜாக இருந்தபோது இரவு பதினொன்றரைக்குப் போன் வரும்: "அக்கா, நாளைக்குக் காலை ஷிஃப்ட்ல ரெண்டு பேர் லீவு." மடியில் மகள் தூங்க, டியூட்டி லிஸ்ட்டை அடித்துத் திருத்தியிருக்கிறேன். இரவில் அதை யார் பார்ப்பது என்று இப்போதே எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், விடுப்பு முடிந்து இதே பதவிக்குத் திரும்பலாம் என்பதையும்.